அந்தமானுக்கு எந்த மாதத்தில் டிக்கெட் போடலாம்?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். பிள்ளைகள் ஏழாவதும் நான்காவதும் படிக்கிறார்கள். அந்தமானுக்கு ஐந்து நாள் பேக்கேஜ் விசாரித்தோம். டிசம்பர் கடைசி வாரத்துக்குச் சொன்ன விலையில் ஏறக்குறைய பாதிதான் ஜூன் மாதத்துக்குக் கேட்கிறார்கள். "மழை வந்தாலும் அரை மணி நேரத்தில் விட்டுவிடும்" என்கிறார் ஏஜென்ட். ஜூனிலேயே போய் வந்துவிடலாமா? - மதுரை வாசகி

பதில்: ஜூன் வேண்டாம். டிசம்பர் கடைசி வாரத்தையும் நான் சொல்ல மாட்டேன்.

ஏஜென்ட் மழையைப் பற்றி மட்டும் பேசுகிறார். நீங்கள் கேட்க வேண்டியது கடல் எப்படி இருக்கும் என்பதைத்தான். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல், அங்கிருந்து நீல் தீவுக்குக் கப்பல், எலிஃபன்ட் பீச்சுக்குப் படகு, ஸ்நார்க்கலிங் (மூச்சுக் குழாயோடு மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) என்று நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் பாதிக்கு மேல் கடலில் நடப்பவை. மழை நின்று வெயிலே அடித்தாலும், காற்று அடங்காவிட்டால் படகை இறக்க விட மாட்டார்கள். இறக்கினாலும் கலங்கிய தண்ணீரில் பவளப்பாறை தெரியாது. பாதி விலைக்குக் கிடைத்த ஐந்து நாளில் மூன்று நாள் ஹோட்டல் அறையிலேயே கழிந்தால் அது எப்படி மலிவாகும்?

பருவம் தெரிந்துகொள்ள நமக்குப் புத்தகம் எதுவும் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு முறை செய்தியில் அந்தமான் பெயர் அடிபடும். மே மாதம் மூன்றாவது வாரத்தை ஒட்டி, "அந்தமான் பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது" என்பார்கள். கேரளாவுக்கே அதற்குப் பிறகுதான் மழை வருகிறது. அன்று தொடங்கும் காற்றும் அலையும் செப்டம்பர் வரை நீடிக்கும். அடுத்தது அக்டோபர், நவம்பரில்: "அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி." நமக்கு அது நாலைந்து நாள் கழித்து வரப்போகும் மழை. அங்கே அன்றைக்கே கப்பல் ஓட்டம் நின்றுவிடும்.

டிசம்பரையும் முழுதாக நம்ப முடியாது என்பதற்கு 2016 ஒன்றே போதும். அந்த ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் தாழ்வு மண்டலம் உருவாகி, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மீட்கக் கடற்படைக் கப்பல்கள் போக வேண்டியிருந்தது. எல்லா டிசம்பரும் அப்படி இருக்காதுதான். ஆனால் வருடத்திலேயே அதிக விலை கொடுத்துவிட்டு, அந்தக் கவலையையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா? போதாததற்குப் புத்தாண்டு இரவு விருந்து என்று சில ஹோட்டல்கள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வசூலிக்கும். இன்னொன்று, அந்தமான் வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம் கடிகாரம்தான். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மதியம் 3 மணிக்கு ஹேவ்லாக்கில் இறங்கினால் ராதாநகர் கடற்கரைக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் போக வேண்டும்.

அங்கே நல்ல காலம் ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை. அதிலும் பிப்ரவரி, மார்ச்சில் கடல் குளம் மாதிரி கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாதவர்கள் வேறு யோசனையே வேண்டாம், அந்த இரண்டு மாதத்தில் போய் வாருங்கள். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பொங்கல் விடுமுறை. புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். கூட இரண்டு நாள் பள்ளியில் விடுப்புச் சொன்னால் போதும். சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துச் சமாச்சாரம். மற்றொன்று, முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசி, தவறினால் மே முதல் வாரம். புழுக்கம் வாட்டும், ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கும். மே 10-க்குப் பிறகு தள்ளிப்போடாதீர்கள்.

பவளப்பாறைக்குப் பேர்போன ஜாலி பாய் தீவும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவுக்குத்தான் அனுமதி கொடுப்பார்கள். ஜூன் பேக்கேஜில் ஜாலி பாய் என்று அச்சடித்திருந்தால் அந்த ஏஜென்டை விட்டு விலகிவிடுங்கள். அப்புறம், ஸ்கூபாவுக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். நான்காவது படிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் பணம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: மாதம் முடிவாகிவிட்டது, மார்ச். தேதி எப்படிப் பார்ப்பது? பௌர்ணமியில் கடல் அழகாக இருக்குமே? - கோவை வாசகர்

பதில்: நிலவைப் பார்த்துத் தேதி குறிப்பது நல்ல யோசனை. ஆனால் நான் அமாவாசைப் பக்கம். ஹேவ்லாக்கில் இரவு கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கூட்டிப்போவார்கள். நிலவில்லாத இருட்டில் துடுப்பைப் போட்டால், போட்ட இடத்தில் தண்ணீர் நீலமாக மினுங்கும். கையை விட்டு அளைந்தால் விரலைச் சுற்றிப் பொறி பறக்கும். கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்கள் தரும் வெளிச்சம் அது. பௌர்ணமி வெளிச்சத்தில் அது எடுபடாது.

நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கு (கடலோரப் பாறை வளைவு) அமாவாசை, பௌர்ணமி இரண்டுமே சரிதான். அந்த நாட்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டை, நண்டு, குட்டி மீன் எல்லாவற்றையும் குனிந்தே பார்க்கலாம். வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு எடுத்துப் போங்கள். தண்ணீர் ஏறிய நேரத்தில் போனால் இதில் ஒன்றும் தெரியாது. அதனால் அன்று கடல் உள்வாங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வண்டி பேசுங்கள். போர்ட் பிளேரில் தமிழிலேயே கேட்கலாம், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போர்ட் பிளேரில் தங்கும் நாளைக் குறிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்லுலார் சிறை அன்று திறந்திருக்குமா என்று.

கேள்வி: காற்று காரணமாக ஹேவ்லாக் கப்பலை ரத்து செய்தார்கள். அதனால் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டோம். விமானப் பணம் கிடைக்குமா? - திருச்சி வாசகர்

பதில்: விமானம் நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால் அந்த நிறுவனத்திடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கேட்டால் விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தருவார்கள். கப்பல் கட்டணம் உங்களுக்கு வர வேண்டிய பணம், அதை விடாதீர்கள். கப்பல், விமானம் இரண்டையும் ஒரே ஏஜென்ட் ஏற்பாடு செய்து, தீவிலிருந்து வரும் அன்றே விமானம் ஏறும்படி திட்டம் போட்டிருந்தாரா? அப்படியானால் அது சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். சரிவராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் எந்த ஊர்க்காரர் என்பது தடையில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பயணத் திட்டம், ரசீது, கப்பல் ரத்தான குறுஞ்செய்தி மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

இனிமேல் போகிறவர்கள் கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள். "கப்பல் ரத்தானால் கூடுதல் இரவுக்கு யார் பணம் கட்டுவது?" என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.