சாதனம் பேசும் நேரம்: ரேம் கெட்டுவிட்டதா?

கேள்வி: கேமரா படங்களை நெட்வொர்க்கில் வாங்கிச் சேமிக்கும் 512 எம்பி லினக்ஸ் போர்டு வைத்திருக்கிறேன். பழைய கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்). படங்கள் மொத்தமாக வரும்போது கன்சோலில் 'பேஜ் அலொகேஷன் ஃபெய்லியர்' (நினைவக ஒதுக்கீடு தோல்வி) என்று வரிவரியாக ஓடி, போர்டு உறைந்துபோகிறது. கன்சோலின் சீரியல் கேபிளைப் பிடுங்கினாலும் மீளவில்லை. ரேமை மாற்றட்டுமா?
– ஒரு வாசகி

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. இதே கோளாறுக்கு இரண்டு முறை ரேம் மாற்றிய இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய லாகின் முதல் வரியில் 'ஜிஎஃப்பி அட்டாமிக்' (GFP_ATOMIC, காத்திருக்காமல் உடனே நினைவகம் கேட்பது) என்று இருக்கிறதே, விஷயம் அங்கே இருக்கிறது. பேக்கெட் வந்ததும் நெட்வொர்க் டிரைவர் இன்டரப்டுக்குள் (மற்ற வேலையை நிறுத்திவிட்டு உடனே கவனிக்கும் நிலை) நின்றபடி ரேமில் இடம் கேட்கிறது. அங்கே காத்திருக்க வழியில்லை. கேஷை (ரேமில் தற்காலிகமாக வைத்த கோப்புத் தரவை) காலி செய்து தர நேரமில்லை, கைவசம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இல்லாமல் போவதும் சகஜம்தான். ஒரு பேக்கெட் விழும், அதாவது தொலையும்; டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை அதை மறுபடி அனுப்பும்.

போர்டை முடக்குவது அந்தத் தோல்வி அல்ல, அதைப் பற்றிய அறிக்கை. ஒவ்வொன்றும் கால் டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்), மெமரி நிலவரம் என்று உங்கள் லாகில் சுமார் 4,000 எழுத்து. உங்கள் கன்சோல் 9600 பாட், அதாவது விநாடிக்கு 960 எழுத்து. ஒரு அறிக்கைக்கே நாலு விநாடி! பழைய கெர்னலின் கட்டுப்பாடு 5 விநாடிக்கு 10 அறிக்கை வரை விடும். அதை அச்சிட 40 விநாடி ஆகும். அச்சிடும் சிபியு இன்டரப்டை விட்டு வெளியே வராது, பேக்கெட் குவியும், மறுபடி தோல்வி, மறுபடி அறிக்கை. நடுவில் வந்த 'சாஃப்ட் லாக்கப், 22 விநாடி' (சிபியு வேறு வேலைக்கு வழிவிடாமல் மாட்டிக்கொண்டது) என்ற வரியும் இதன் பிள்ளைதான். கேபிள் இல்லாவிட்டாலும் சீரியல் சிப் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் கன்சோல் லாக்லெவலை (எவ்வளவு முக்கியமான செய்திகள் கன்சோலுக்கு வரலாம் என்ற எண்) 4-க்கு இறக்குங்கள். எச்சரிக்கைகள் திரைக்கு வராது, ரேமில் உள்ள லாக் பஃபரில் பத்திரமாக இருக்கும். பாட் வேகத்தை 115200 ஆக்குங்கள். லாகை நெட்வொர்க் வழியே திருப்பிவிட வேண்டாம், அதுவும் அதே தட்டுப்பாட்டில் பேக்கெட்டுக்கு இடம் கேட்கும்.

பிறகு 'மின் ஃப்ரீ கேபைட்ஸ்' (min_free_kbytes, கெர்னல் காலியாக வைத்திருக்க முயலும் குறைந்தபட்ச ரேம்) அளவைப் பாருங்கள். 512 எம்பிக்கு கெர்னல் தானாக ஒதுக்குவது 2,896 கேபி அளவுதான். 8,192 வைத்து, படங்களை மொத்தமாக அனுப்பிப் பாருங்கள்.

டிரைவர் உங்கள் கையில் இருந்தால் அந்த இடத்தில் 'நோவார்ன்' (தோல்வி அறிக்கையை அச்சிடாதே என்னும்) கொடியும் சேர்க்கலாம். ஆனால் விழும் பேக்கெட்டுகளை எண்ணும் கவுன்டர் கட்டாயம் இருக்கட்டும். அந்த எண் ஏறுகிறதா என்று ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.