கார்பன் ஃபைபர் பிடி செய்தேன். கண் இமை வீங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 36. கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. சுத்தியலுக்குக் கார்பன் ஃபைபர் துணியும் எபாக்ஸியும் (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகும் பசை) வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் நானே பிடி செய்கிறேன். முதல் பிடி செய்தபோது கை அரித்தது, குளித்ததும் போய்விட்டது. இப்போது ரெசின் பூசிய மறுநாளே விரலிடுக்கில் கொப்புளம், கண் இமையில் வீக்கம். தின்னரில்தான் கை கழுவுகிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆயின்ட்மென்ட் போடுகிறேன். கார்பன் தூள்தான் காரணமா டாக்டர்?

பதில்: முதல் தடவை அரித்ததற்கு வேண்டுமானால் கார்பன் காரணமாக இருக்கலாம். அந்த இழை சுமார் 7 மைக்ரான் பருமன், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. உப்புத்தாள் போடும்போது உடைந்து தோலில் குத்தும். குளித்தால் போய்விடும்.

இப்போது வந்திருப்பது எபாக்ஸி அலர்ஜி மாதிரி தெரிகிறது. ஒரு நாள் கழித்து வருவதும், கொப்புளமும், இமை வீக்கமும் அப்படித்தான் சொல்கின்றன. இமைத் தோல் மிக மெல்லியது. விரலில் ஒட்டிய துளி ரெசினோ ஹார்ட்னரின் ஆவியோ போதும், வீங்கிவிடும். இந்த அலர்ஜி ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. அடுத்தடுத்த முறை இன்னும் குறைந்த அளவுக்கே கிளம்பும். அதனால் பாதியில் நிற்கும் பிடியை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தின்னரை இன்றே நிறுத்துங்கள். அது தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு ரெசினை உள்ளே இறக்கும். கையில் பட்டால் உடனே துணியால் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

எனக்கு அதிகக் கவலை அந்த ஆயின்ட்மென்ட்தான். கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அதை இமையில் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம். கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். தோல் பிரிவில் காட்டி, பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். சந்தேகப்படும் பொருட்களைத் துளி அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள், பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார்கள். ரெசின், ஹார்ட்னர் இரண்டு டப்பாவின் லேபிளையும் போனில் படமெடுத்துப் போங்கள்.

டெஸ்டில் அலர்ஜி இல்லை என்று வந்து, டாக்டரும் சரி என்றால் மட்டும் மறுபடி செய்யலாம். அப்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். லேடெக்ஸ் வழியாக ரெசின் ஊடுருவும். நம்ம ஊர் வெயிலில் கையுறைக்குள் வியர்க்கும், அடிக்கடி மாற்றுங்கள். நன்றாக இறுகிய பிறகே, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். N95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் வேண்டும். வேலைச் சட்டையைக் குழந்தைகள் துணியோடு ஊறப்போடாதீர்கள். கார்பனில் மின்சாரம் பாயும், ஆகவே அந்தச் சுத்தியலை கரன்ட் லைன் வேலைக்கு எடுக்காதீர்கள்.

முகம் முழுக்க வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி.