கேள்வி – பதில்: பார்க்காத சிகரத்தை வரைந்தவர்

கேள்வி: ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹ், ஆல்ப்ஸ் மலைக்குப் போகாமலேயே அதை வரைந்தார் என்று படித்தேன். எங்கள் ஊர்த் தூண் பாறைக்கு எதிரே மேகம் விலகும்வரை காத்திருந்து வரையும் எனக்கு இது ஏமாற்றாகப் படுகிறது. தங்கள் கருத்து என்ன?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: அவர் ஆல்ப்ஸை நேரில் பார்த்ததில்லை என்பது உண்மைதான். வாட்ஸ்மான் என்பது ஆல்ப்ஸின் ஒரு சிகரம்; 1824–25இல் தீட்டிய 'வாட்ஸ்மான்' ஓவியத்தின் பனிச் சிகரத்தை, தம் மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிஹ் வரைந்த நீர்வண்ணப் படத்தைப் பார்த்து அமைத்தார். முன்னால் நிற்கும் பாறையோ, 1811இல் ஹார்ஸ் மலையில் அவரே பென்சிலால் வரைந்து வைத்திருந்தது. ஆயினும் இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிரெஸ்டன் நகரை அடுத்த எல்பே மணற்கல் மலைகளிலும், 1810இல் நண்பர் கெர்ஸ்டிங்கோடு ரீசன்கெபிர்கே மலைத்தொடரிலும் கால் நோக நடந்தவர் அவர். பாறையின் வெடிப்பு, மரத்தின் கிளைவாகு என ஒவ்வொன்றையும் பிசகாமல் வரைந்து, பல தாள்களில் தேதியும் இட்டு எடுத்து வந்தார். எண்ணெய் வண்ணத்தைத் தொட்டது அறைக்குள்தான். அந்த அறையைக் கெர்ஸ்டிங் ஓவியமாகவே தீட்டியிருக்கிறார்: கீழ்ப்பாதி அடைத்த சன்னல், வெறும் சுவர், அதில் தொங்கும் வண்ணத்தட்டுகளும் அளவுகோலும், வேறு அலங்காரம் எதுவும் இல்லை.

சுமார் 1818இல் தீட்டிய 'மூடுபனிக் கடலுக்கு மேலே ஒரு பயணி' ஓவியமும், தனித்தனி இடங்களில் எடுத்த குறிப்புகளைக் கோத்து உருவானதே. தங்கள் ஊரின் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மேகம் ஏறும் நேரத்தில் நின்றவர்களுக்கு அதன் நுட்பம் எளிதில் புரியும். காலடிப் பாறை தெளிவாக இருக்க, இடையிலுள்ள சரிவும் சமவெளியும் மறைந்துவிடுவதால், எதிர்மலை எவ்வளவு தொலைவு என்று கண்ணால் கணிக்க முடிவதில்லை. அந்தத் தவிப்பைத்தான் அவர் படமாக்கினார். முதுகைக் காட்டி நிற்கும் மனிதனை நடுவில் நிறுத்தி, அவன் நின்ற இடத்திலேயே நம்மையும் நிற்க வைத்தார். மேகம் விலகட்டும் என்று காத்திருக்கும் தாங்கள், ஒருமுறை அது மூடியிருக்கும்போதே பென்சிலை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பெயர் கிடைத்ததா?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: கிடைத்தது, ஆனால் நிலைக்கவில்லை. 1808இல் மலையுச்சிச் சிலுவையைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குரிய பலிபீட ஓவியமாக அவர் தீட்டியபோது, நிலக்காட்சிக்கு அங்கே என்ன வேலை என்று ராம்டோர் என்ற விமர்சகர் கடுமையாகச் சாடினார். 1810இல் பிரஷ்ய அரச குடும்பமே அவருடைய படங்களை வாங்கியது. பிறகு ரசனை மாறியது. 1835இல் பக்கவாதம் தாக்கியபின் எண்ணெய் வண்ண வேலை ஏறக்குறைய நின்றுபோக, 1840இல் டிரெஸ்டனில் காலமானார். 1906இல் பெர்லினில் நடந்த பெருங்கண்காட்சிதான் மறக்கப்பட்டிருந்த அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.