கவர்மெண்ட் மேலயே கேஸ் போடற படிப்பா?

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். மக எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டு லா தான் படிப்பேன், அதுலயும் அரசியலமைப்புச் சட்டம்னு ஒத்தக்கால்ல நிக்கறா, நீங்க மலேசியாவுல, பட்டர்வொர்த்துல உக்காந்துக்கிட்டு "கவர்மெண்டோட மோதுனா சோறு கிடைக்குமா"ன்னு கேக்கறீங்க.

மோதல்லாம் இல்லக்கா. அமைச்சரோ இலாகாவோ எடுத்த முடிவு சட்டப்படி செல்லுமான்னு ஹைகோர்ட் பாக்கறது, அதான் ஜூடிசியல் ரிவியூ. நம்மாளுங்களுக்கு இது ரொம்ப தேவைப்படற விஷயம்க்கா. இங்கயே பொறந்து சிவப்பு ஐசியோட (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அடையாள அட்டை) அலையற பிள்ளைங்க எத்தனை பேரு, குடியுரிமைக்கு மனு போட்டு வருஷக்கணக்கா காத்திருந்தா கடைசில நிராகரிச்சிட்டோம்னு ஒரு கடிதம் வரும், அது கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள கோர்ட்டுல மனு போடணும், நம்ம வீட்டுல என்னடான்னா கடிதத்தை சாமி படத்துக்கு பின்னால சொருகிட்டு தெரிஞ்ச ஒய்.பி.ய (எம்.பி., சட்டமன்ற உறுப்பினர் மாதிரி ஆளுங்க) தேடி ஓடுவாங்க, லோயர்கிட்ட வர்றப்ப தேதி போயிருக்கும்.

ஈப்போ இந்திரா காந்தி கேஸ் உங்களுக்கே தெரியும், இந்தியப் பிரதமர் இல்ல, நம்ம ஊரு அம்மா ஒருத்தர். 2009-ல அவங்க சம்மதம் இல்லாம 3 பிள்ளைங்களையும் புருஷன் இஸ்லாத்துக்கு மதம் மாத்துனது செல்லாதுன்னு 2018 ஜனவரில நாட்டோட உச்ச கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிச்சு. அதோட நிக்கல, அரசாங்க முடிவை விசாரிக்கற அதிகாரத்தை சிவில் கோர்ட்டுகிட்டேருந்து யாரும் பறிக்க முடியாதுன்னும் எழுதிட்டாங்க. ஆனா தீர்ப்பு வந்தும் அப்பா தூக்கிட்டுப் போன கடைசி மக அம்மாகிட்ட வராமலே வருஷங்கள் ஓடிச்சு, ஜெயிச்சா எல்லாம் முடிஞ்சிடும்னு உங்க பொண்ணு நினைச்சிக்கிட்டிருந்தா இதையும் சொல்லி வைங்க.

சம்பாத்தியம்? இந்த கேஸ மட்டும் நம்பி யாரும் குடும்பம் நடத்தறதில்ல. முதல்ல வீடு வாங்கற விக்கற பத்திரம், ஆக்சிடெண்ட் கிளைம்னு நாலும் செஞ்சு பழகணும். இன்னொண்ணு, கவர்மெண்ட் மேல கேஸ் வந்தா கவர்மெண்டுக்காக வாதாடறதும் லோயர்தானே, சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துல மாசச் சம்பளத்துக்கு! உங்க பயத்துக்கு இதுதான் மருந்து.

யூஎம், யூகேஎம்னு உள்ளூர் அரசாங்க யூனிவர்சிட்டி கிடைச்சா சி.எல்.பி.ங்கற வக்கீல் தகுதிப் பரீட்சை வேணாம், 9 மாசம் சேம்பரிங் (சீனியர் லோயர்கிட்ட பயிற்சி) செஞ்சா போதும். லண்டன் டிகிரி மட்டும்னா சி.எல்.பி. எழுதணும், அது லேசுப்பட்டதில்ல, அதனால யூபியூல (அரசாங்க யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கற இடம்) உள்ளூர் யூனிவர்சிட்டியத்தான் முதல்ல போடுங்க. மலாய் நல்லா வரணும், கோர்ட்டுல தாக்கல் பண்றதெல்லாம் அதுலதான்.

ஃபார்ம் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த 2018 தீர்ப்பை பிரிண்ட் எடுத்து அவ கையில குடுங்க, பெருசா இருக்கும். நீங்க சொல்லாமலே பாதி தாண்டிட்டான்னா எனக்கு கால் பண்ணுங்க, மேற்கொண்டு பேசுவோம்.