ஃபோர்த் சீட்

வணக்கம்.

வரும் மாதத்தோடு என் மனைவி மறைந்து ஒரு வருடம். முதலாம் ஆண்டு நினைவுக்குச் சின்னதாக ஒரு மலர் அச்சிடலாம் என்கிறாள் மகள். நான்தான் எழுத வேண்டுமாம். ‘அன்பான மனைவி, பாசமுள்ள தாய்’ என்று எழுதிவிட்டு நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். மேலே ஓடவில்லை. பதினாறு வருடம் செம்பூரிலிருந்து வி.டி.க்கு (விக்டோரியா டெர்மினஸ்) ரயிலில் வேலைக்குப் போய்வந்தாள். அவள் டிபன் டப்பா இன்னும் சமையலறை மேடையில்தான் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

வாசகர், செம்பூர், மும்பை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த இரண்டு சொற்களில் தப்பில்லை. ஆனால் மனைவி என்பது உங்களுக்கு, தாய் என்பது பிள்ளைகளுக்கு. காலையில் வீட்டை விட்டு இறங்கியபிறகு அவர் யாராக இருந்தார் என்பது உங்கள் இருவருக்குமே தெரியாது. அதனால்தான் பேனா நிற்கிறது என்று நினைக்கிறேன்.

என் அம்மா டோம்பிவலியிலிருந்து சென்ட்ரல் லைனில் வி.டி.க்குப் போய்வந்தவள். (சி.எஸ்.எம்.டி. என்ற புதுப் பெயர் எனக்கும் வாயில் வராது.) 1992-இல் சர்ச்கேட் - போரிவலி லேடீஸ் ஸ்பெஷல் ரயில் விட்டபோது, ‘வெஸ்டர்ன் லைன்காரிகளுக்கு வந்த வாழ்வு’ என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தாள். ரயிலைப் பற்றி வீட்டில் அவள் பேசியது அவ்வளவுதான். ராத்திரி காலுக்குத் தைலம் தேய்ப்பாள். ‘ஏறினதும் சீட் கிடைச்சிடுதே, அப்புறம் என்ன கால்வலி?’ என்று நானே கேட்டிருக்கிறேன்.

அவள் போன பதின்மூன்றாம் நாள் நான்கு மராத்திப் பெண்கள் வந்தார்கள். அக்கா, அக்கா என்று அழுதார்கள். அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது: காட்கோபர் வந்ததும் அம்மா எழுந்து, ஃபோர்த் சீட்டில், அதாவது மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நான்காவதாக, பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருப்பவளை உள்ளே தள்ளி உட்காரவைத்துவிடுவாளாம். மிச்ச தூரம் நின்றுகொண்டே. தசரா சமயத்தில் பெட்டிக்குப் பூத்தோரணம் கட்ட வசூல் செய்வதும் அவள்தானாம். வீட்டில் பத்து ரூபாய்க் கணக்கு எழுதத் தெரியாதவள்!

இன்னொன்றும் சொன்னார்கள். 2005 ஜூலை 26. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். அம்மாவின் வண்டி சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்ணீரில் நின்றுவிட்டது. செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. ஒவ்வொருத்தியாக இறங்கித் தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்தபோது, அம்மா மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லோருடைய பெயரும் வீட்டு போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டாளாம்.

எனக்குத் தெரிந்தது அதன் மறுபாதி மட்டும். மறுநாள் சாயங்காலம் இடுப்புவரை சேற்றோடு வந்தவள் காப்பிகூடக் குடிக்காமல் டெலிபோன் முன்னால் உட்கார்ந்தாள். மராத்தியில் யார் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தாள். ‘முதலில் குளி’ என்று நான் கத்தினேன். அடுத்த மாத பில்லைப் பார்த்து அப்பா முணுமுணுத்தார். யாருக்கு அத்தனை போன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அந்த நான்கு பேரில் ஒருத்தி, ‘நான் வீடு போய்ச் சேர்ந்துட்டேனான்னு கேட்க மூணு தடவை கூப்பிட்டாங்க’ என்றாள்.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து எழுதாதீர்கள். உங்கள் மனைவி எந்த வண்டியில் போவார் என்று மகளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வேலைநாளில் பத்து நிமிடம் முன்னதாகவே செம்பூர் ஸ்டேஷனுக்குப் போய், லேடீஸ் பெட்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது, தனியாக நின்றால் போலீஸ்காரர் வந்து விசாரிப்பார். ஹார்பர் லைனில் வருடக்கணக்காக அதே வண்டியைப் பிடிப்பவர்கள் யாராவது இன்னும் இருப்பார்கள். மராத்தி சரளமாக வராவிட்டால் பரவாயில்லை, உங்கள் பம்பாய் ஹிந்தியே போதும்.

மறக்காமல் அந்த டிபன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அது யாருடையது என்று தெரிந்திருக்கும்.