ஐயரிடம் நேரில் கேளுங்கள்

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். தமிழ்க் கிறிஸ்தவ சபை ஒன்றில் கமிட்டி உறுப்பினர். எங்கள் ஐயர் (சபைப் போதகர்) சாதியையும் வரதட்சணையையும் பிரசங்கத்தில் கிழித்துத் தொங்கவிடுவார். போன மாதம் அவர் மகனுக்குப் பெண் தேடி வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. சாதிப் பெயர் போட்டு, 'அதே பிரிவில் மட்டும்' என்று இருந்தது. கார் கேட்டிருப்பதாகவும் பேச்சு. பெயர் போடாமல் பிஷப்புக்கு எழுதலாமா? என் மகளுக்கு நானே 40 பவுன் போட்டுத்தான் கட்டிக்கொடுத்தேன். எனக்குக் கேட்கத் தகுதி உண்டா?

பதில்: மொட்டைக் கடிதம் மட்டும் வேண்டாம். குப்பைக்கூடைக்குப் போனால் பரவாயில்லை, போகாவிட்டால்தான் வம்பு. யார் எழுதியது என்று கமிட்டியில் பேச்சு வரும்போது, நீங்களும் கூட உட்கார்ந்து "யாராயிருக்கும்?" என்று கேட்க வேண்டிவரும். அவர் செய்வதாக நீங்கள் சொல்லும் அதே வேலையை அப்போது நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப் தகவலை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள். கார் வெறும் பேச்சு. சபையை நடத்தும் மூப்பர்மேல் வரும் பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். காரை இப்போதைக்கு விடுங்கள். தகவலின் கடைசியில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? ஐயருடையதா, மாப்பிள்ளையின் தாய்மாமனுடையதா? கல்யாண விஷயத்தில் மாமன்மார் யாரையும் கேட்பதில்லை. ஐயருக்குத் தெரியாமலே போட்டிருக்கலாம். தெரிந்து சும்மா இருந்திருக்கவும் கூடும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். வாரநாளில் போன் செய்துவிட்டு ஐயர் குடியிருக்கும் பார்சனேஜுக்குத் தனியாகப் போங்கள். மத்தேயு 18-ல் சொல்லியிருக்கும் முறை அதுதான்: முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதன்பிறகே சபைக்கு. போனைக் காட்டி, "ஐயா, இது உங்களுக்குத் தெரிந்து போனதா?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அது கஷ்டம்தான். தெரியாது என்றால், தகவலைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். தெரியும் என்றால், பிரசங்கத்தை நினைவுபடுத்துங்கள்.

அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து தன் யூத ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து பர்னபாவும் விலகினார். பவுல் அதை முகமுகமாய் எதிர்த்ததாகக் கலாத்தியரில் இருக்கிறது. எல்லாருக்கும் முன்பாகத்தான் கேட்டார், நடந்ததும் எல்லாருக்கும் முன்பாகத்தானே. சொந்தக்காரர் கண்ணுக்குப் பயந்து பேதுருவே பின்வாங்கியிருக்கிறார் என்றால், உங்கள் ஐயரின் வீட்டில் என்ன நெருக்கடி என்று நாம் ஊகிக்கலாம். ஊகிக்கலாமே தவிர, அதற்காக விட்டுவிட முடியாது. நம் சபைகளில் இது பழைய வியாதி. ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

உங்கள் 40 பவுனுக்கு வருவோம். சம்பந்தி கேட்டுப் போட்டீர்களா, நீங்களாகப் போட்டீர்களா? கேட்டு வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். யாரும் கேட்காமல் மகளுக்குப் போட்டு, பட்டியலும் எழுதி வைத்தால் சட்டம் விலக்குத் தருகிறது. கேட்டுத்தான் போட்டீர்கள் என்றால் அதை ஐயரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "நானும் இதில் விழுந்தவன்தான் ஐயா" என்று ஆரம்பிக்கிறவரிடம் "நீ மட்டும் யோக்கியமா?" என்று யாரும் திருப்பிக் கேட்க முடியாது. தகுதிக்கு அவ்வளவு போதும்.

அவர் மழுப்பினால், கமிட்டியில் நிதானமான இருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிஷப்புக்கு எழுதுங்கள். மூவரும் கையெழுத்துப் போட்டு, ஐயருக்கும் ஒரு நகல் கொடுத்து. அடுத்த கமிட்டித் தேர்தலில் உங்களைக் கழற்றிவிடப் பார்ப்பார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தயாரில்லை என்றால் போக வேண்டாம். ஆனால் அப்புறம் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது இதைப் பற்றி மற்றவர்களிடம் முணுமுணுப்பதையும் நிறுத்திவிடுங்கள்.