அலுவலகக் கடிதத்தை 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்று முடிப்பதா, 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடிப்பதா?

நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும், மேலாளர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மற்றபடி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் பெயர் இல்லாமல் 'டியர் சார்' அல்லது 'டியர் மேடம்' என்று விளித்திருந்தால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி'. 'டியர் மிஸ்டர்' போட்டுப் பெயரையும் எழுதியிருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இது பிரிட்டிஷ் வழக்கம்; நம் அலுவலகங்கள் இன்றும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மத்திய அரசிலும் சாதாரணக் கடிதம் முன்னதில் முடியும். ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்குப் பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதம் பின்னதில் முடியும். குறிப்பாணைக்கு விளியும் கிடையாது, முடிப்பும் கிடையாது. அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதினால் வெறும் 'சின்சியர்லி' போதும். தமிழில் என்றால் தமிழக அரசுக் கடிதங்களில் வருவதுபோல் 'தங்கள் நம்பிக்கையுள்ள' என்று போடலாம்; 'இப்படிக்கு' என்று மட்டும் போட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் 'யுவர்ஸ்' என்பதன் நடுவே மேற்குறி (அபாஸ்ட்ரபி) மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் தட்டச்சு கற்ற நிலையத்தில் அந்த ஒரு குறிக்காகவே ஆசிரியை முழுத்தாளையும் மறுபடி அடிக்கச் சொல்வார்.

மின்னஞ்சல் காலத்தில் 'ரிகார்ட்ஸ்' போதாதா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். தினமும் பேசிப் பழகும் ஆளுக்குப் போதும், தாராளமாகப் போடுங்கள். நான் பழைய பஞ்சாங்கம் இல்லை. ஆனால் நாளைக்குக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டிய கடிதம் வேறு ரகம். 'கணினியில் உருவானது, கையொப்பம் தேவையில்லை' என்று அடியில் அச்சிட்டு, மனிதர் யாருடைய பெயரும் இல்லாமல் வங்கிகள் அனுப்புகின்றனவே, அதைப் படித்துவிட்டு யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

இந்த முடிப்புச் சொற்களுக்காக ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோவையில் பம்புகளுக்கு வார்ப்புப் பாகங்கள் செய்து தரும் ஒரு சிறிய பவுண்டரியில் கடிதம், பில், வங்கி என்று எல்லாம் என் மேசையில்தான். பெரிய நிறுவனம் ஒன்று எங்களுக்கு நிறையப் பாக்கி வைத்திருந்தது. நினைவூட்டல் எழுத உட்கார்ந்தோம். 'தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நீளமான முடிப்பு முதலாளிக்கு மனப்பாடம். அதைப் போடச் சொன்னார். எம்.பி.ஏ. முடித்து வந்திருந்த மகனுக்கு அது அவமானமாகப் பட்டது. 'வார்ம் ரிகார்ட்ஸ்' போடுங்கள் என்றார். பணம் தராதவனுக்கு எதற்கு இதமான வணக்கம் என்று எனக்குப் புரியவில்லை. 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்று அடித்து, அதன் கீழே 'ஃபார்' போட்டு நிறுவனத்தின் பெயர், கையெழுத்துக்கு இடம், பிறகு பெயர், பதவி என்று முடித்து நீட்டினேன். இருவருமே ஒப்புக்கொண்டார்கள். மற்றவர் சொன்னது போகவில்லையே என்ற திருப்தியாகவும் இருக்கலாம்.

கையெழுத்திடும் முன் முதலாளி கடைசிப் பத்தியில் கைவைத்தார். பணத்தை 'அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' அனுப்பிவைக்குமாறு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"சார், தேதி குறிப்பிட்டுவிடலாமா?" என்றேன்.

"வேண்டாம் அம்மா, அடுத்த ஆர்டர் போய்விடும்" என்றார்.

சில வாரம் கழித்து அவர்கள் கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "எங்கள் வசதியைப் பார்த்து அனுப்பச் சொல்லித்தானே எழுதியிருக்கிறீர்கள் மேடம்? இப்போது வசதி இல்லையே" என்றார் அங்கிருந்தவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். முடிப்பை எந்தக் கணக்குப் பிள்ளையும் படிப்பதில்லை. அதற்கு நேர் மேலே இருக்கும் வரியை ஒவ்வொருவரும் படிக்கிறார்கள், தங்களுக்குச் சாதகமாகவே படிக்கிறார்கள். அடுத்த கடிதத்தில் இன்வாய்ஸ் எண், தொகை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி, குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம், 2006 என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். முடிப்பு அதே 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி'தான். பணம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. வட்டி கேட்க முதலாளி விடவில்லை.

அந்தச் சட்டத்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி வீதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் செய்ய 2017-இல் 'சமாதான்' என்று ஓர் அரசு இணையதளம் வேறு தொடங்கினார்கள். புகார் கொடுத்தவனுக்கு அடுத்த ஆர்டரை யார் கொடுப்பார்கள் என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. குறித்த காலத்தில் பட்டுவாடா செய்யாத தொகையை, கொடுத்துத் தீர்க்கும் வரை, சரக்கு வாங்கியவர் தன் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. உடனே, "சிறு நிறுவனம் என்ற பதிவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு எங்களிடம் வராதீர்கள், வேறு ஆளிடம் வாங்கிக்கொள்கிறோம்" என்று என் காதுபடவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். பணிவான முடிப்பை எழுதி எழுதியே அவர்களை இப்படி வளர்த்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். சட்டம் படித்தவர்கள் என்னைத் திருத்த வரலாம், ஆனால் ஒரு முறையாவது பாக்கி வசூலித்துவிட்டு வாருங்கள்.

உங்களுடையது விசாரணைக் கடிதமா, புகாரா, பாக்கிக் கடிதமா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதைச் சொன்னால் கடைசி வரியை நானே எழுதித் தருகிறேன். முடிப்பை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.